தனியாக இருந்த ஒரே டம்ளர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குடியரசு தினத்தன்று காலையில், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கார் நிறுத்துகிற இடத்தில் நடந்ததிலிருந்து சொன்னால்தான் இது புரியும். கொடியேற்றி முடித்ததும், யாராவது நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று குடியிருப்புச் செயலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். முப்பது வருஷம் சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மைக்கைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவர் கண் என் பக்கம் திரும்புவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

பேசுவதற்கு விஷயமும் கைவசம் இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், இத்தாலியில் வேலை பார்க்கும் என் மகன் வீடியோ காலில் அந்த ஊர்க் காபியைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். அங்கே கம்பெனி முதலாளியும் குப்பை வண்டி ஓட்டுகிறவரும் ஒரே மேடையில் கையூன்றி நின்று, ஒரே மாதிரிக் கோப்பையில், ரெண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போவார்களாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் காபிக்கு என்ன குறைச்சல் என்று அவனோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றேன். அதையே அன்றைக்குப் பேச்சாக்கிவிட்டேன்.

ஒரு நாட்டின் குணம் அதன் காபியில் தெரியும் என்று ஆரம்பித்தேன். இத்தாலிக்காரர்கள் நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுகிறார்கள், அவசரம் அவர்கள் குணம். அரபு நாடுகளில் விருந்தாளி கிண்ணத்தைக் குலுக்கிக் காட்டுகிறவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று மூன்றாவது மாடியில் இருக்கும், சவூதியிலிருந்து திரும்பிவந்த பாய் சொல்லியிருந்தார். அது அவர்கள் தாராளம். நம் நாட்டிலோ கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட, "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்று உட்கார வைக்கிறோம். வந்தவர் யார், எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. நம் தேசத்தின் மனசு டபரா டம்ளருக்குள் இருக்கிறது என்று முடித்தேன். நடுவில் ரெண்டு தடவை இருமல் வந்து பேச்சு தடைப்பட்டது. ஆனாலும் நல்ல கைதட்டல்.

கூட்டத்துக்குப் பின்னால், தூண் ஓரமாக, எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் பேப்பர் கப்பில் காபி கொடுக்க உதவிக்கு வரச்சொல்லியிருந்தோம். 'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போதெல்லாம் என் வாயில் 'அவள்'தான். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் வீடு. பன்னிரண்டு வருஷமாக, மழையோ வெயிலோ, பஸ் பிடித்து வந்து காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மணியை அடிக்கிறவர்.

வந்ததும் அவருக்கு முதலில் காபி உண்டு. அதில் நான் குறை வைத்ததே இல்லை. முதல் டிகாஷன், நல்ல பால், சர்க்கரை தூக்கலாக. நாங்கள் குடிக்கும் அதே காபி. ஆனால் அதை ஊற்றுவது தனி டம்ளரில். பின்பக்க பால்கனியில், பாத்திரம் தேய்க்கிற குழாய்க்கு மேலே ஒரு கட்டை உண்டு. அதன் மேல் எப்போதும் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கும். விளிம்பில் ஒரு பக்கம் நெளிந்தது. அதற்கு டபரா கிடையாது. அவர் அதை எடுத்து நீட்டுவார், நான் உயரத்திலிருந்து ஊற்றுவேன், அவர் குடித்துவிட்டுத் தானே கழுவி மறுபடி கவிழ்த்து வைப்பார்.

இதைச் சாதி என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சாதி என்ற வார்த்தையையே எங்கள் வீட்டில் நாங்கள் உச்சரித்தது கிடையாது. சுத்தம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். எங்கள் வீட்டு டம்ளர் அத்தனையையும் தேய்த்துப் பளபளவென்று கழுவி வைப்பது அவர் கைதான் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை பற்றி அச்சிட்டிருக்கும் வரிகளை வருஷா வருஷம் பிள்ளைகளை எழுந்து நின்று சொல்ல வைத்தவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். லீவில் வந்திருந்தபோது என் மகன் ஒரு தடவை, "ஏம்மா, அவங்களுக்கு மட்டும் அது?" என்று கேட்டான். அவங்களே அப்படித்தான்டா விரும்புவாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்ன பதில் இல்லை அது.

பொங்கலுக்கு முன்னாலேயே ஆரம்பித்த இருமல் குடியரசு தினத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வேறு. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. பிப்ரவரி முதல் வாரத்தில் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் காசநோய் என்று வந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி. பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பூரண குணம், கொஞ்ச நாள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் இருப்பவர்களையும் வேலைக்கு வருகிறவர்களையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள் என்றார். இருமும்போது காற்றில்தான் பரவும், தட்டு டம்ளரிலெல்லாம் பரவாது என்பதையும் விளக்கமாகச் சொன்னார். பயத்தில் அது என் காதிலும் ஏறவில்லை, கூட வந்திருந்த என் கணவர் காதிலும் ஏறவில்லை.

என் கணவர் கெட்ட மனுஷர் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். அவர் பரிசோதனை செய்துகொண்டார், ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் வேலைக்கு வருகிறவரிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை. சொன்னால் கட்டிடம் முழுக்கப் பரவிவிடும் என்று பயம். நெஞ்சுச் சளி, என் அறைப் பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தோம். தெரிந்துகொண்டு தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் என் அறைக் கதவு லேசாகத் தட்டப்பட்டது. திறந்தால் வாசலில் ஒரு ஸ்டூல். அதன் மேல் காபி. கணவர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். காபி இருந்தது அந்த நெளிந்த டம்ளரில்.

"இது அவளோட டம்ளர்ல்ல?" என்றேன்.

"தனியா இருக்கறது இது ஒண்ணுதாம்மா" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபப்படவும் வழியில்லை. அவர் சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் தனி என்று வைக்கப்பட்டிருந்த பாத்திரம் அது ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாக அதைத் தனியாக வைத்திருந்தது நான்தான்.

டம்ளரை எடுத்தேன். டபரா இல்லாததால் சூடு விரலைப் பொசுக்கியது. ஆற்றவும் வழியில்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு குடிப்பார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏதோ அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். வாயில் வைத்ததும் நெளிந்த பக்கமாகக் காபி வழிந்து தாடையில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அன்றைக்குக் காபியிலேயே தெரிந்தது.

அன்று ஏழு மணிக்கு மணி அடித்தது. அவர் பால்கனிக்குப் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. கட்டையில் டம்ளரைக் காணோம். என் கணவர் சமையலறையில் பால் பாத்திரத்தோடு நின்றிருப்பார் போல. "சார், எனக்கு எதுலங்க?" என்று அவர் கேட்டது என் அறைவரைக்கும் கேட்டது. கணவர் ஏதோ முணுமுணுத்தார். ஷெல்ப்பில் நாலு டபரா டம்ளர் செட் இருக்கிறது. ஆனாலும் குடியரசு தினத்துக்கு வாங்கி மிச்சமிருந்த பேப்பர் கப்பைத் தேடி எடுத்துத்தான் கொடுத்தார். நானும் படுத்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரமும் ஸ்டூல்தான். சாப்பாடும் அதன் மேல்தான். மாத்திரை சாப்பிட்டால் குமட்டிக்கொண்டு வரும். அதைவிட அந்த ஸ்டூலைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. இந்த வயசில் இப்படி ஒதுங்கிக் கிடந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. ஒரு நாள் மாத்திரையை விழுங்காமல், என் அறையிலிருந்தும் கூடத்திலிருந்தும் போகக்கூடிய முன்பக்க பால்கனியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். மறுநாளும் அதே மாதிரி. ஒரு வாரம் ஓடிவிட்டது. என் கணவர் தினமும் கேட்பார், போட்டாச்சு என்பேன்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் கணவர் வங்கிக்குப் போயிருந்தார். அறைக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தும் வேலைக்கு வருகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் கையில் மண்ணோடு மாத்திரைகள். என் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் அவசரமாக முகக்கவசத்தைத் தேடினேன். அவர் எழுந்து ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"இது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "குப்பைக் கூடையில அட்டையப் பார்த்த அன்னைக்கே தெரியும். நான் போய் டெஸ்ட் எடுத்துட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ஏன் சாப்பிடாம இருக்கீங்க?"

என் முகத்தில் ஈயாடவில்லை. நாங்கள் ஒளித்து வைத்ததை மூன்று வாரம் முன்னாலேயே தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தானே போய்ப் பரிசோதித்துக்கொண்டு, தினமும் வந்து எங்கள் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார். கட்டிடத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் அவர் கதையைச் சொன்னார். எங்கள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கும் இதே நோய்தானாம். மாத்திரை ஆரம்பித்து நாலாவது மாதம். இனிமேல் யாருக்கும் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வந்திருக்கிறார். ஆனாலும் நோயைச் சொன்னால் வேலை கிடைக்காதே என்று மறைத்துவிட்டார். முதல் நாள் நான் அந்த டம்ளரைக் காட்டி, இது உனக்கு, தனியா வெச்சுக்கோ என்றேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவருக்கு உள்ளுக்குள் உதறலெடுத்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள், டீச்சருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். இன்றைக்கு நிறுத்திவிடுவார்கள், நாளைக்கு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துகொண்டே வந்திருக்கிறார். நான் நிறுத்தவில்லை.

"தெரிஞ்சும் வேலை குடுத்துருக்காங்களேன்னு, உங்க பேருக்குத் தாயார் சன்னதில அர்ச்சனை பண்ணேன் டீச்சர்" என்றார்.

ரெண்டு மாதம் கழித்து அவருக்கு மாத்திரை முடிந்தது. குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்த சீட்டை என்னிடம் காட்ட வேண்டும் என்று ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வந்து போயிருக்கிறார். நானாகக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். நான் எங்கே கேட்க? எனக்குத்தான் ஒன்றுமே தெரியாதே. அடுத்து அவர் சொன்னதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார்.

"நோய்க்காகத்தான் தனி டம்ளர்னு நெனச்சேன். நோய் சரியாகி ஒரு வருஷம் ஆச்சு, அது அங்கயேதான் இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, இது நோய்க்கு இல்லன்னு."

நான் அழுதேன். இத்தனைக்கும் என் சொந்த நோய்க்குக்கூட அதுவரை நான் அழவில்லை. அழாதீங்க, இருமல் வரும் என்று அவர்தான் அதட்டினார். பக்கத்து வீட்டில் ஒருவர் பாதியிலேயே மாத்திரையை நிறுத்தி, நோய் முற்றி, அதிலேயே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னார். "உங்களுக்கு ஆறு மாசம்தான் டீச்சர். முடிஞ்சதும் உங்க டம்ளர் உள்ள போயிரும். அதுக்காகவாவது சாப்பிடுங்க" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் தைத்தது.

சமையலறைக்குப் போய் அவரே காபி போட்டார். ஷெல்ப்பிலிருந்து ஒரு டபரா செட்டை எடுத்து எனக்கு ஊற்றிக்கொண்டு வந்தார். ஸ்டூலில் இருந்த நெளிந்த டம்ளரைக் கையில் எடுத்து, "இது என்னோடது, குடுத்துருங்க" என்று சிரித்தார். கொண்டுபோய்க் கழுவி, தனக்குக் காபி ஊற்றிக்கொண்டு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார். மூன்று வாரமாக நான் வாய் வைத்த டம்ளர். என் சொந்தப் புருஷன் நாலடி தள்ளி நின்ற டம்ளர். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்றைக்குக் குடித்த காபிக்கு ஈடாக அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் குடித்ததில்லை.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய் மாத்திரை விட்டதை ஒப்புக்கொண்டேன். வாங்கவேண்டிய திட்டை வாங்கிக்கொண்டேன். குமட்டலுக்கு மருந்து கொடுத்தார், இனி ஒரு நாள் விடக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. தட்டு டம்ளர் விஷயத்தை இன்னொரு தடவை, இந்த முறை என் கணவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அவர் அந்த ஸ்டூலைத் தூக்கிப் பரணில் போட்டார். நான் கேட்ட கதையை அவருக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, வீட்டுக்கு ஒரு மைக் போதும் என்பார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஷெல்ப்பிலிருந்து ஒரு டபரா செட்டை எடுத்து அவருக்குக் காபி கொடுத்தேன். இருக்கட்டும் டீச்சர் என்று ரொம்பத் தயங்கி வாங்கிக்கொண்டார். குடித்துக் கழுவி, அதைப் பால்கனிக் கட்டையில் அந்த நெளிந்த டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் புதிதாக இன்னொரு தனி டம்ளர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் எடுத்து உள்ளே வைப்பேன், மறுநாள் அது வெளியே இருக்கும். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேவிட்டேன்.

"நாளைக்கு உங்க சொந்தக்காரங்க வந்தா என்ன பண்ணுவீங்க டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டார். "அவங்க முன்னால என்னை வெளிய அனுப்பறதுக்கு, நானே வெளிய வெச்சுக்கறேன்."

அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. என்னைப் பற்றி எனக்கே நிச்சயமில்லை. அவர் மறுபடி நெளிந்த டம்ளருக்கே போய்விட்டார்.

நாளைக்கு என்று அவர் சொன்னது ஆடிப்பெருக்கு அன்று வந்தது. எனக்கு மாத்திரை முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. இருமல் போய், பழைய எடை திரும்பி, நன்றாகவே இருந்தேன். என் கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாருமாக அம்மா மண்டபம் போய்க் காவிரியைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். காபி நான் போடுகிறேன், நீ உட்கார் என்று நாத்தனார் சமையலறைக்குள் புகுந்துவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் அவர் இருக்கும் இடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

நாலு டபராவிலும் காபி ஊற்றியாயிற்று. பெருக்கி முடித்த வேலைக்காரர் சமையலறை வாசலில் விளக்குமாறோடு நின்றிருந்தார். பாத்திரத்தில் காபி மிச்சமிருந்தது. "இவளுக்கு எதுல ஊத்தறது?" என்று நாத்தனார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. குடியரசு தினத்தில் முக்கால் மணி நேரம் பேசிய எனக்கு அந்த ஒரு வரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாசலில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, பால்கனிப் பக்கம் நகர ஆரம்பித்தார். தன் டம்ளரைத் தானே எடுத்துவரத்தான். நான் இன்றைக்கும் அந்த நாலைந்து நொடியை நினைத்தால் கூசிப்போகிறேன்.

அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்தார். அவருக்கு முன்னால் பால்கனிக்குப் போய், நெளிந்த டம்ளரை எடுத்து, குழாயில் அலம்பிக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினார்.

"எனக்கு இதுல ஊத்துக்கா. அந்த டபராவ அவங்களுக்குக் குடு."

நாத்தனார் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. ஆமாம் அண்ணி, குடுங்க, என் உயிரைக் காப்பாத்தினது அவங்கதான் என்றேன். நாத்தனாருக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரியாது. முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாலும் கொடுத்தார். என் கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

என் கணவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்ததும் நாற்காலி ஓரத்தில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், அப்படிக் குடிக்காதீங்க. நெளிவு இருக்கற பக்கத்த மூக்குக்கு நேரா வெச்சுத் திருப்பிப் புடிங்க. இல்லன்னா சட்டையெல்லாம் வழிஞ்சிரும்."

என் கணவர் திருப்பிப் பிடித்தார். ஒரு சொட்டு வழியவில்லை. "அட, ஆமா" என்றார். முதலில் சிரித்தது நாத்தனார்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

இப்போது பால்கனிக் கட்டையில் செடிக்கு ஊற்றுகிற குவளை மட்டும்தான் இருக்கிறது. அந்த டம்ளர் மற்றதோடு ஷெல்ப்பில் இருக்கிறது, காலையில் யார் கைக்கு அகப்படுகிறதோ அவர் குடிக்கிறார். நான் குணமான சீட்டு வாங்கி வந்த அன்று முதலில் அவரிடம்தான் காட்டினேன். வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நல்லாருங்க டீச்சர் என்றார். குடியரசு தினத்தில் நான் பேசியதைப் பற்றிக்கூட ஒரு தடவை, நல்லா இருந்துச்சு என்று சொன்னார். கிண்டலா, நிஜமா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நம் நாட்டுக் காபியைப் பற்றி என் மகனோடு இப்போதும் சண்டை போடுவேன், நம் காபி உசத்திதான். ஆனால் அந்த நெளிந்த டம்ளர் என் கைக்கு வரும் நாளிலெல்லாம், வழியாமல் குடிப்பது எப்படி என்று பன்னிரண்டு வருஷம் தனியாகக் கற்றுக்கொண்டு, அதைக் கடைசியில் எங்களுக்கே சொல்லிக்கொடுத்த அந்த மனசுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் முதல் வாய் குடிக்கிறேன்.